தியாகப் பட்டமும் ஐம்பது பிரதிகளும்

தமிழில் கவிஞர் ஒருவர் பதிப்பகம் தொடங்கி, சில ஆண்டுகள் நூல்களை வெளியிட்டு, கையிலிருந்ததைத் தொலைத்துக் கடனாளியாகி ஓய்ந்துபோனால், அவருக்கு நம் இலக்கிய உலகம் தவறாமல் வழங்கும் பட்டம் ஒன்று உண்டு: தியாகி. மணிவிழா மலர்களிலும் இரங்கல் கூட்டங்களிலும் சிற்றிதழ்களின் சிறப்புப் பகுதிகளிலும் இப்பட்டம் தாராளமாக வழங்கப்படுகிறது. “மனைவியின் நகையை அடகு வைத்துக் கவிதை நூல் போட்டவர்” என்ற வாக்கியம் வந்ததும் அரங்கம் கைதட்டுகிறது. கைதட்டுபவர்களில் எத்தனை பேர் அந்த நூலை விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மட்டும் எந்த மேடையிலும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கவிஞராகவும் சிறு பதிப்பாளராகவும் ஒருசேர இயங்குபவர்களுக்கு நாம் சூட்டும் இந்தத் தியாகப் பட்டம் அவர்களுக்குத் தீங்கு செய்கிறது. அது வாசகனை நூல் வாங்கும் கடமையிலிருந்து விடுவிக்கிறது. தியாகம் என்றான பிறகு நட்டம் இயல்பாகிவிடுகிறது, நட்டத்துக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அதே பட்டம் பதிப்பாளரையும் கணக்குக் காட்டும் கடமையிலிருந்து விடுவிக்கிறது. தியாகியிடம் போய் உரிமைத்தொகை எவ்வளவு என்று எந்தக் கவிஞன் கேட்பான்? இவ்விரண்டு விடுதலைகளுக்கும் இடையில் நசுங்குவது கவிதை நூல்தான்.

வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா 1970 வரை அதை நடத்தினார். தமிழ்ப் புதுக்கவிதையின் முதல் தொகை நூலான ‘புதுக்குரல்கள்’ 1962இல் அவர் வழியாகவே வெளிவந்தது. விமர்சகராகவும் கதாசிரியராகவும் மிகுதியும் அறியப்பட்ட அவர் கவிதையும் எழுதியவர். தாம் பதிப்பித்த நூல்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார் என்பது நம் இலக்கிய வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. தம் எண்பதுகளில் ‘சுதந்திர தாகம்’ நாவலின் மூன்று பாகங்களையும் தாமே வெளியிட்டார். 1998 டிசம்பரில் மறைந்தார். அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது.

இச்செய்தியைச் சொல்லும் ஒவ்வொருவரும் செல்லப்பாவின் தோளில் தொங்கிய பையைப் பற்றிப் பரவசத்துடன் பேசுகிறார்கள். அந்தப் பை ஏன் அவ்வளவு கனமாக இருந்தது என்பதைப் பற்றிப் பேசுவோர் அரிது. முதுமையில் ஓர் எழுத்தாளர் நூல்களைச் சுமந்து அலைந்தார் என்பது அவருக்குப் பெருமை சேர்க்கலாம். அவர் ஏறி இறங்கிய கல்லூரிகளின் தமிழ்த்துறைகளுக்கு அதில் என்ன பெருமை இருக்கிறது?

கல்லூரி என்றதும் நினைவுக்கு வர வேண்டியவர் கவிஞர் மீரா (1938–2002). சிவகங்கையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். ‘கனவுகள் + கற்பனைகள் = காகிதங்கள்’ என்ற தொகுப்பால் 1970களின் இளைஞர்களிடையே பெரும்புகழ் பெற்றவர். அந்தப் புகழை வைத்துக்கொண்டு மேலும் பத்துத் தொகுதிகள் எழுதி மேடையேறியிருக்கலாம். அவரோ 1974இல் ‘அன்னம்’ பதிப்பகத்தைத் தொடங்கிப் பிறர் நூல்களை அச்சிட்டார். சென்னையிலிருந்துதான் நல்ல நூல் வரும் என்ற எண்ணத்தைச் சிவகங்கை என்ற சிற்றூரிலிருந்து உடைத்துக் காட்டினார். இளங்கவிஞர்கள் பலரின் முதல் தொகுப்புகள் அன்னத்தின் வழியே வந்தன. கி. ராஜநாராயணனுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த ‘கோபல்லபுரத்து மக்கள்’ அன்னம் வெளியீடுதான். மீரா எழுதிய கவிதை நூல்களைவிட அவர் பதிப்பித்த பிறர் கவிதை நூல்கள் பன்மடங்கு. ஒரு கவிஞரின் வாழ்வில் இந்தக் கணக்கு எதை உணர்த்துகிறது என்று நம் ஆய்வாளர்கள் யோசித்ததுண்டா? மீராவின் கவிதையில் உவமை, மீராவின் கவிதையில் அங்கதம் என்று ஆய்வேடுகள் எழுதுவது எளிது. மீராவின் பேரேட்டைப் பற்றி எழுதுவது கடினம்.

இவ்வரிசை அங்கே முடிவதில்லை. 1978இல் தொடங்கிய ‘ழ’ இதழின் ஆசிரியரான ஆத்மாநாம், ‘மீட்சி’யை நடத்திய பிரம்மராஜன், 2003இல் ‘உயிர்மை’யைத் தொடங்கிய மனுஷ்ய புத்திரன் எனக் கவிஞர்களே இதழாளர்களாகவும் பதிப்பாளர்களாகவும் இயங்கியிருக்கிறார்கள். இன்றும் தமிழகத்தின் பல சிற்றூர்களில் ஒரு கவிஞர் தம் வீட்டின் முன்னறையைப் பதிப்பகமாக்கிக்கொண்டு வேலை செய்கிறார். நவீன தமிழ்க் கவிதையின் வரலாற்றில் பாதி இத்தகைய முன்னறைகளில் நடந்ததே. பெரும் பதிப்பகங்கள் கவிதைக்கு இடம் கொடுத்தது பெரும்பாலும் பெயர் நிலைபெற்ற பிறகுதான். முதல் தொகுப்பைத் துணிந்து வெளியிடுபவர் இன்னொரு கவிஞராகவே இருந்து வந்திருக்கிறார்.

அவருடைய வேலைதான் என்ன? கைப்பிரதியைப் படித்து, எண்பது கவிதைகளில் முப்பதை நீக்கச் சொல்லி, அதனால் நட்பை இழக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கணினியில் பக்கம் அமைக்க வேண்டும். கவிதையில் வரி உடையும் இடம் ஓர் எழுத்துத் தள்ளினாலும் பொருள் தள்ளிப்போகும் என்பதால் மெய்ப்பை மூன்று முறை பார்க்க வேண்டும். அட்டைக்கு ஓவியரைப் பிடிக்க வேண்டும். அச்சகத்தில் தாளின் நிறத்துக்கும் தடிமனுக்கும் மன்றாட வேண்டும். கட்டு கட்டாக வந்த நூல்களை எங்கே அடுக்குவது என்று வீட்டாரிடம் பேச்சு வாங்க வேண்டும். உறையில் முகவரி எழுதி, ஒட்டி, அஞ்சலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். விற்ற நூலுக்குக் கடைக்காரரிடமிருந்து பணம் பெற ஆறு மாதமோ ஓராண்டோ தொலைபேசியில் கெஞ்ச வேண்டும். இவற்றுக்கிடையில் பிழைப்புக்கு வேறொரு வேலை. இவையெல்லாம் முடிந்த இரவில், மிஞ்சினால், தம் கவிதை. பிறர் வரிகளைத் திருத்திச் சிவந்த கண்ணோடு தம் வரியைத் தேடுகிறவருக்கு அது எத்தனை இரவுகளில் கிட்டும்?

உழைப்பைச் சொன்ன நாம் காசையும் சொல்லிவிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கை வைத்துக்கொள்வோம். டெமி அளவில் 96 பக்கம், அதாவது 6 ஃபாரம் கொண்ட ஒரு கவிதை நூல். 300 பிரதிகள். விலை 120 ரூபாய். தாள், அச்சு, பைண்டிங் எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 60 ரூபாய் என்றால் 18,000 ரூபாய் முதலீடு. நூலாசிரியருக்கும் மதிப்புரைக்குமாக 25 பிரதிகள் போகும். ‘அன்புடன்’ என்று கையெழுத்திட்டுச் சக இலக்கியவாதிகளுக்கு இலவசமாகத் தரப்படுபவை 50. எஞ்சுவது 225. அவற்றில் 125 பிரதிகள் கடைகளின் வழியே 40 விழுக்காட்டுக் கழிவில் விற்றால் 9,000 ரூபாய். மீதி 100 பிரதிகள் நேரடியாகப் 10 விழுக்காட்டுக் கழிவில் விற்றால் 10,800 ரூபாய். மொத்தம் 19,800. முதலீட்டைக் கழித்தால் மிஞ்சுவது 1,800 ரூபாய். விற்ற 225 பிரதிகளுக்கு 10 விழுக்காடு உரிமைத்தொகை என்றால் கவிஞருக்கு 2,700 தர வேண்டும். ஆக, ஒரு பிரதிகூடத் தேங்காமல் விற்ற பிறகும் 900 ரூபாய் துண்டு விழுகிறது. அட்டை ஓவியருக்கான தொகையோ, அஞ்சல் செலவோ, புத்தகக் காட்சியின் அரங்க வாடகையோ இக்கணக்கில் சேரவில்லை. பதிப்பாளரின் கூலி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது அந்த இலவச 50 பிரதிகளைக் கவனியுங்கள். அவற்றைப் பெற்றவர்கள் பிரதிக்கு 108 ரூபாய் கொடுத்திருந்தால் 5,400 ரூபாய் வந்திருக்கும். அதில் 600 ரூபாய் உரிமைத்தொகை போக 4,800 மீதம். 900 ரூபாய்த் துண்டு அடைபட்டு 3,900 ரூபாய் கையில் நிற்கும். ஓவியருக்கு ஏதேனும் கொடுக்கலாம். அடுத்த நூலுக்குத் தாள் வாங்கலாம். ஒரு கவிதை நூல் நட்டத்தில் முடிகிறதா, அடுத்த நூலுக்கு வழி விடுகிறதா என்பதை ஐம்பது பேர் தீர்மானிக்கிறார்கள். இந்த ஐம்பது பேர் யார்? பொதுமக்கள் அல்லர். தொலைக்காட்சி பார்த்துக் கெட்டுப்போனவர்கள் என்று நாம் வழக்கமாகச் சபிக்கும் கூட்டமும் அன்று. கவிஞர்கள், விமர்சகர்கள், பேராசிரியர்கள், இதழாளர்கள். தமிழன் கவிதை வாங்குவதில்லை என்று மேடையில் வருந்துகிற அதே மனிதர்கள்.

இலவசப் பிரதி பெறுவது நம்மிடையே ஒரு தகுதிச் சான்றாகவே ஆகிவிட்டது. “எனக்கு அவர் நூல் அனுப்பவில்லை” என்று கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு. “நான் அவர் நூலை வாங்கவில்லை” என்று கூச்சப்படுகிறவர்களைக் காணோம். திரைப்படத்துக்கும் உணவகத்துக்கும் கணக்குப் பார்க்காதவர்கள் 108 ரூபாயில் வந்து நிற்கிறார்கள். மாதச் சம்பளம் வாங்கும் தமிழாசிரியர் ஒருவர் மாதத்துக்கு ஒரு கவிதை நூல் வாங்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 ரூபாய் ஆகும். அது அவரை வறுமையில் தள்ளிவிடாது.

அரசின் பங்கைப் பேசாமல் விட முடியாது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரி தண்டப்படுகிறது. அந்த வரி நூல்களாக மாறும்போது சிறு பதிப்பாளர் வரிசையின் கடைசியில் நிற்கிறார். நூலகத்துக்கான விலை நெடுங்காலம் ஃபாரம் கணக்கில் மதிப்பிடப்பட்டதால் மெலிந்த கவிதை நூலுக்குக் கிடைத்தது சொற்பம். நாளெல்லாம் செதுக்கிய ஒரு பக்கமும் எங்கிருந்தோ எடுத்தொட்டிய பொது அறிவுப் பக்கமும் அத்தராசில் ஒரே எடை. 2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரி முறையில் அச்சிட்ட நூலுக்கு வரி இல்லை என்பது உண்மையே. ஆனால் தாளுக்கு வரி உண்டு, நூலுக்கு வரி இல்லாததால் தாளுக்குக் கட்டியதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. நூல்களுக்கென்றிருந்த மலிவான அஞ்சல் சேவை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டுப் பல மாதங்கள் சிறு பதிப்பாளர்கள் திணறினார்கள். 2025 மே மாதத்தில்தான் ‘ஞான் போஸ்ட்’ என்ற மாற்று ஏற்பாடு வந்தது. இவை எவையும் கவிஞர்களின் அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை. ஒரு விருது யாருக்குப் போனது என்பதற்கு எழும் கூச்சலில் பத்தில் ஒரு பங்கு இவற்றுக்கு எழுந்திருந்தாலும் ஏதேனும் நடந்திருக்கும்.

இனி மறுபக்கம். தியாகப் பட்டம் பதிப்பாளருக்கும் வசதியானது என்றோம். ‘தேவைக்கேற்ற அச்சு’ வந்த பின் ஐம்பது பிரதிகூட அடித்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. கட்டிலுக்கடியில் ஆயிரம் பிரதிகள் செல்லரிக்கும் காலம் போயிற்று, அது நல்லதே. ஆனால் அதன் நிழலில் வேறொரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. முதல் தொகுப்புடன் வரும் இளங்கவிஞரிடமே அச்சுச் செலவைப் பெற்றுக்கொண்டு, நூலில் பதிப்பகத்தின் பெயரைப் போட்டு, அவருக்குச் சில பிரதிகளைக் கொடுத்து அனுப்பிவிடுவது. எத்தனை பிரதிகள் அச்சாயின, எத்தனை விற்றன என்று அவருக்குத் தெரியாது. ஒப்பந்தம் கிடையாது. கேட்டால், “கவிதைக்காக நாங்கள் எவ்வளவோ இழந்திருக்கிறோம்” என்று பதில் வரும்.

இழந்திருக்கலாம். அதனால் கணக்கு மறைந்துவிடாது. பணம் வாங்கிக்கொண்டு அச்சிட்டுத் தருவதும் ஒரு தொழில்தான். அதை அச்சுச் சேவை என்று சொல்லிச் செய்யட்டும், குற்றமில்லை. பதிப்பாளர் என்ற சொல்லுக்குத் தம் தெரிவின் மீது தம் பணத்தையும் பெயரையும் வைப்பவர் என்று பொருள். கவிஞராகவும் இருக்கும் பதிப்பாளரிடம் நாம் இன்னும் கூடுதலாகவே எதிர்பார்க்கிறோம். உழைப்புக்குக் கூலி கிடைக்காத வலியை அவரைவிட யார் அறிவார்? நம் கோரிக்கை எளியது. இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்று. நூலின் உரிமைப் பக்கத்தில் அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கை. ஆண்டுக்கொரு முறை விற்பனை விவரம். உரிமைத்தொகை எழுநூறு ரூபாயே ஆனாலும் அது கவிஞர் கைக்குச் செல்வது. எழுநூறு ரூபாயில் யாரும் வாழ முடியாது என்பது தெரியும். ஆனால் எழுதியதற்குக் கூலி பெற்றவன் என்ற நிலை ஒருவனுக்கு அதனால் உண்டாகிறது.

நம்மை மறுப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் அறிவோம். “கவிதையையும் கடைக்கணக்கையும் சேர்க்கலாமா? கவிஞன் கல்லாவில் உட்காரலாமா?” என்பார்கள். அமெரிக்கக் கவிஞர் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டி கல்லாவில் உட்கார்ந்தவர்தான். 1953இல் நண்பர் ஒருவருடன் சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘சிட்டி லைட்ஸ்’ புத்தகக் கடையைத் தொடங்கி, 1955இல் அதே பெயரில் மலிவு விலைக் கவிதை நூல்களைப் பதிப்பிக்கலானார். அடுத்த ஆண்டே ஆலன் கின்ஸ்பெர்க்கின் ‘ஹௌல்’ தொகுப்பை வெளியிட்டு, அதற்காக 1957இல் ஆபாச வழக்கைச் சந்தித்து வென்றார். 2021இல் நூற்றொரு வயதில் அவர் மறைந்தபோதும் அக்கடை திறந்திருந்தது. விற்பனை அவரது துணிச்சலைக் கெடுத்துவிடவில்லை. கடை இருந்ததால் வழக்கைத் தாங்க ஓர் இடமும் இருந்தது. அமெரிக்காவின் வாசகப் பரப்பு வேறு, நம்முடையது வேறு என்பது மெய்தான். ஆனால் கல்லாவைக் கண்டு கூசுவது இலக்கியத் தூய்மைக்கு அடையாளம் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கடை போதுமான பதில்.

“இணையத்தில் கவிதை இலவசமாகக் கிடைக்கிறதே, நூல் எதற்கு?” என்று மற்றொரு சாரார் கேட்பார்கள். பழைய சிற்றிதழ்களை மின்வடிவில் பாதுகாப்பவர்களுக்குத் தமிழ் கடன்பட்டிருக்கிறது. சென்ற மாதம் வெளிவந்த தொகுப்பை வருடியெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவது வேறு. கவிஞர் தாமே முகநூலில் இடுவது அவர் விருப்பம். ஆனால் நாளுக்கொன்றாகக் கண்ணில் பட்டு மறையும் கவிதைகளிலிருந்து ஒரு தொகுப்பு உருவாக, யாரோ ஒருவர் உட்கார்ந்து தேர்ந்து, அடுக்கி, வேண்டாதவற்றை நீக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குப் பதிப்பித்தல் என்று பெயர். இணையம் அதை இன்னும் செய்யவில்லை.

“இவையெல்லாம் புதிய கவலைகள், நம் மரபில் இப்படிக் காசு பேசியதில்லை” என்பவர்களுக்கு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைப் புரட்டிப் பார்க்கும்படி பரிந்துரைக்கிறோம். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே சீவக சிந்தாமணியை 1887இல் அவர் பதிப்பித்தபோது அச்சுச் செலவுக்கு வழி தேடினார். வழி, கையொப்பம். நூல் வரும் முன்பே வாங்குவதாகக் கையொப்பமிட்டவர்கள் இருந்தார்கள். தமிழ் படித்தவர்களும் பிற உத்தியோகத்தில் இருந்தவர்களும் அச்சேறாத ஒரு நூலை நம்பிக் கையெழுத்திட்டார்கள். விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சு வேலையைப் பார்த்த அந்த ஆசிரியரின் உழைப்பை நாம் போற்றுகிறோம், கையொப்பக்காரர்களை மறந்துவிட்டோம். அவர்கள் இல்லாமல் நம் பாடத்திட்டத்தில் சிந்தாமணி எப்போது வந்திருக்குமோ!

ஆகவே நாம் முன்வைப்பது புதிய திட்டம் எதுவும் அன்று. அந்தக் கையொப்பத்தைக் கவிதைக்கு மீட்டுக் கொண்டுவாருங்கள் என்கிறோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஐம்பது பேர் வேண்டாம். தமிழகம் முழுவதிலுமாக ஒரு சிறு பதிப்பகத்துக்கு ஐம்பது பேர், ஆண்டுக்கு அதன் நான்கு நூல்களுக்கு முன்பணம் கட்டட்டும். கல்லூரித் தமிழ்த்துறைகள் தற்காலக் கவிதைத் தாளுக்குக் கோனார் உரை போன்ற வழிகாட்டிகளை நம்பாமல், ஆண்டுக்கு ஒரு வாழும் கவிஞரின் முழுத் தொகுப்பைப் பாடமாக வைத்து, அதை மாணவரை வாங்கச் செய்யட்டும். வெளியீட்டு விழாவில் பொன்னாடைக்குச் செலவிடும் தொகைக்கு நூலை வாங்கி மேடையில் இருப்போருக்குக் கொடுக்கட்டும். இலவசப் பிரதி வந்தால் அதன் விலையை அனுப்பிவிடட்டும். கைப்பேசியில் நொடியில் முடிகிற வேலை.

இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாதவர்கள் அடுத்த இரங்கல் கூட்டத்தில் தியாகி என்ற சொல்லைத் தவிர்த்துவிடுவதே நாகரிகம். கவிஞருக்கும் அவர் நடத்தும் பதிப்பகத்துக்கும் அச்சொல்லால் ஒரு ரீம் தாள்கூட வாங்க முடியாது.